மாலுமிக்கு மிஞ்சிய சுண்ணாம்பு

அக்கா,

இன்று மத்தியானம் வீட்டின் பின்புறத்தில் சுண்ணாம்பு நீற்றினேன். கட்டிகளை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது சீறிக்கொண்டு கொதித்தது. அந்த வாசனை எழுந்தவுடன் வேலிக்கு அப்பாலிருந்து, "தம்பி, முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதையும், கண் போயிடும்" என்று நீங்கள் கத்துவீர்கள் என்று சற்று நேரம் குனிந்தபடியே நின்றேன். யாரும் கத்தவில்லை. ஒரு துளி கண்ணோரம் தெறித்தது. என் மனைவி வந்து முகத்தைக் கழுவிவிட்டு, "சொல்றதுக்கு ஆள் இல்லைன்னா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்த வாரம், இறந்தவர்களை நினைக்கும் உங்கள் ஆத்துமாக்களின் நாள். முருகன் கோவிலுக்கே தேர் நாளில் மட்டும் எட்டிப் பார்க்கிற நான், கத்தோலிக்கச் சேமக்காலையில் ஒரு கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போகிறேன். இதற்கு முழுப் பொறுப்பும் நீங்கள்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த முறையாவது நீங்கள் நடுவில் குறுக்கிட முடியாது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இது எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கில்லாமல் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து இளம் தாதியாகக் கண்டிக்கு வந்து, பெரியாஸ்பத்திரியின் எல்லா வார்டுகளையும் அதட்டி, ஓய்வு பெற்று, அம்பிட்டியவில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினீர்கள். கல்யாணம் செய்யவில்லை. உங்களோடு ஒரே வார்டில் வேலை செய்த தோழி இறந்தபோது, அவருடைய கல்லறைக்கு ஒவ்வொரு நவம்பரிலும் நீங்களே வெள்ளையடித்தீர்கள். வாளியில் எப்போதும் கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சும். அதை ஊற்றிவிட உங்களுக்கு மனம் வராது. பக்கத்தில் பாசி பிடித்துக் கிடந்த கல்லறைக்கு அதைப் பூசிவிடுவீர்கள்.

"யாழ்ப்பாணத்துச் சிக்கனம் செத்தவங்களையும் விடாது போல" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஓம். மலையகத்துத் தாராளத்தாலை நீர் நட்டாத்திலை நிக்கிறீர், நான் நிக்கேல்லை" என்றீர்கள்.

அந்தப் பக்கத்துக் கல்லறையில் இருந்தவர் ஒரு மாலுமி. கல்லில் ஒரு நங்கூரம். அதன் கீழே ஆங்கிலத்தில் 'ஜே. டயஸ், மாலுமி'. பிறகு இரண்டாம் உலக யுத்தத்து வருடம் ஒன்று. அதற்கும் கீழே, 'அவருடைய கப்பல் தோழர்கள் நிறுவியது'. அவ்வளவுதான். ஊர் இல்லை, வயது இல்லை, தாய் தந்தை பெயர் இல்லை.

எந்தத் திசையில் ஏறிப் பார்த்தாலும் கடல் தெரியாத ஊர் நம்முடையது. கண்டி நகருக்குள் இருக்கும் தண்ணீர் வாவி ஒன்றுதான். அதில் ஓடும் படகிலிருந்து விழுந்து இறப்பதற்குக்கூடத் தனித் திறமை வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாலுமி எப்படி வந்து படுத்தார் என்று நான் கேட்டேன். நீங்கள் உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். "நெஞ்சிலை சளி. காசமாக்கும். குளிர் இடத்துக்கு ஏத்தி அனுப்பியிருப்பினம். பொடியன் ஏறி வந்தான், இறங்கேல்லை." அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் குரலில் இருந்த நிச்சயத்தைக் கேட்டால், அவருடைய காய்ச்சல் அட்டை உங்கள் கையில் இருக்கிறது என்றே யாரும் நினைப்பார்கள்.

சேமக்காலை வாசலில் அந்த அறிவித்தல் ஒட்டப்படும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடம் போதாது, குடும்பத்தார் பராமரிக்காத பழைய கல்லறைகள் அகற்றப்பட்டு வேறு குடும்பங்களுக்கு வழங்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. நீங்கள் அதை வாசித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, அந்தப் பொடியனைத் தூக்கப் போகினம்."

"எந்தப் பொடியன் அக்கா?"

"டயஸ். அவன்ரை ஆக்களைக் கண்டுபிடிக்கோணும். நீர் இங்கிலீசிலை வடிவா எழுதுவீர். எழுதும்."

"நாம என்ன சீஐடியா? நீங்களே சொந்தம்னு சொல்லிட்டா முடிஞ்சுதே."

"கோயில் காரியத்திலை பொய் சொல்லச் சொல்லுறீரோ?" என்று ஒரு பார்வை பார்த்தீர்கள். வார்டில் அந்தப் பார்வைக்கு வைத்தியர்களே எழுந்து நிற்பார்களாம். நானும் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

வார்டில் யாரும் வராமல் இறந்தவர்களைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னீர்கள். பெயர் எழுதிய துண்டைக் காலில் கட்டும்போது, அதை வாசிக்க ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே கட்டுவீர்களாம். "இவனுக்காவது ஒரு ஆள் வரட்டும்" என்றீர்கள். அதன் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கு மட்டும்.

யுத்தக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டு அலுவலகத்துக்கு முதல் கடிதம் போனது. மிக அழகான பதில் வந்தது. எங்கள் ஆர்வத்துக்கு நன்றி. டயஸ் அவர்களுடைய பட்டியலில் இல்லை. போர்க்கப்பலில் இல்லாமல் சரக்குக் கப்பலில் வேலை செய்தவராக இருக்கலாம். சரக்குக் கப்பல்களுக்கான இன்னொரு அலுவலகத்துக்கு எழுதினோம். அவர்களும் எங்கள் ஆர்வத்துக்கு நன்றி சொன்னார்கள். கீழைத்தேசத் துறைமுகங்களில் ஏற்றப்பட்ட ஆட்களைப் பற்றிய விவரம் தங்களிடம் இல்லை, பெயரைப் பார்த்தால் உள்ளூர்க்காரர் போலிருக்கிறது, உள்ளூரில் விசாரிக்கலாம் என்றார்கள். பெயர் டயஸ். இந்த நாட்டில் டயஸ் என்ற பெயரில் சிங்களவர் உண்டு, தமிழர் உண்டு, பறங்கியர் உண்டு. கோவாவிலும் உண்டு. போர்த்துக்கேயர் எங்களுக்குக் கதிரை, அலுமாரி என்ற சொற்களைக் கொடுத்துவிட்டுச் சும்மா போகாமல் இந்தப் பெயரையும் கொடுத்துவிட்டுப் போனதற்கு, அவர்களிடம் நான் தனிப்பட்ட முறையில் கோபமாக இருக்கிறேன்.

கொழும்புக்கும் போனோம். கப்பலாட்களின் பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். எங்களுக்காகச் சிங்களத்தையும் தமிழையும் கலந்து பேசினார்.

"சர், நீங்க அவருக்கு யார்?"

"யாரும் இல்லை."

"அப்போ பார்க்க முடியாது. சொந்தக்காரர் மட்டும்தான் கேட்க முடியும்."

"அவரோட சொந்தக்காரர் யாருன்னு கேக்கத்தான் வந்தோம்."

அவர் உண்மையாகவே யோசித்தார். முகத்தில் எங்களுக்கு உதவவேண்டும் என்ற விருப்பம் தெரிந்தது. கடைசியில், "அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து நீங்கள் கொண்டுவந்த பாணையும் சம்பலையும் சாப்பிட்டோம். பாணைப் பிய்க்கும்போது உங்கள் கை நடுங்கியது. கோபத்தில்தான் என்று சொன்னீர்கள். நான் நம்பினேன். ஒரு தாதியின் கை கோபத்துக்கெல்லாம் நடுங்காது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

பிறகுதான் நாவலப்பிட்டி. அங்கே ஒரு டயஸ் குடும்பம் இருக்கிறது, அவர்கள் வீட்டில் முன்பு ஒரு மாலுமி இருந்தார் என்று யாரோ சொல்ல, ரயில் ஏறிப் போனோம். வழியனுப்பும்போது என் மனைவி சொன்னதைக் கேட்டு நீங்கள் பேராதனை தாண்டும்வரை சிரித்தீர்கள். "வேற ஒருத்தியோட ஊர் சுத்தினா சந்தேகப்படலாம். நீங்க ரெண்டு பேரும் பொணத்தைத் தேடில்ல சுத்துறீங்க" என்றாள்.

டயஸ் டீச்சர் எங்களை நன்றாக உபசரித்தார். தேநீர், கேக், மீன் பனிஸ். சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டி, "இவருதான் எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா. யுத்த நேரம் கப்பல்ல இருந்தாரு" என்றார். நீங்கள் எழுந்து படத்தின் கிட்டப் போனீர்கள். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல நெஞ்சின் அகலத்தைப் பார்த்தீர்கள்.

"எப்ப செத்தவர்?"

"எண்பது தாண்டித்தான். இந்தா, இதே கதிரையில. பொய் சொல்லக் கூடாது பாருங்க, கப்பல்லனா கப்பல்ல ஏறல. துறைமுகத்துல கணக்கெழுதினாரு. வள்ளத்துல ஏறினாலே வாந்தி எடுப்பாராம்."

நான் இரண்டாவது பனிஸை எடுத்துக்கொண்டேன். அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். விடைபெறும் நேரத்தில் டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"இருந்தாலும் டயஸ்னா டயஸ்தானே மிஸ்? எங்க சொந்தம்னு எழுதிக் குடுத்தா அந்த எடம் எங்களுக்கு வருமா? மாமிக்குக் கண்டியிலதான் அடங்கணும்னு ஆசை."

அறைக்குள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது. "நான் இன்னும் சாகலடி!"

திரும்பும் ரயிலில் நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். கம்பளைக்குப் பிறகு, "தம்பி, சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சால் அவையே அவனைத் தோண்டி எறிஞ்சு போடுவினம் போலை" என்றீர்கள். அதோடு இந்தத் தேடலை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் மேசையில் வெளிநாட்டுக் கடிதம் கிடந்தது. முதல் அலுவலகம்தான். தாங்கள் சேமக்காலைக்குப் பொறுப்பான கத்தோலிக்கக் கோவிலுக்கு எழுதி விசாரித்ததாகவும், இறந்தவரின் குடும்பத்தினர் கண்டியிலேயே வசித்துக்கொண்டு கல்லறையை நன்றாகப் பராமரித்து வருவதாக அறிந்து மகிழ்ச்சியடைவதாகவும், இனி நாங்கள் அவர்களையே தொடர்புகொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "பார்த்தீரே! நான் அப்பவே நினைச்சனான். நான் வெள்ளையடிச்சுப் போட்டு வெளிக்கிட்ட பிறகு ஆரோ வந்து மெழுகுதிரி கொளுத்தீனம். அடுத்த முறை போகேக்கை உருகின மெழுகு கிடக்கும். பூவும் கிடக்கும். நான் வைக்கேல்லை."

கோவில் சபையின் செயலாளர் அல்போன்சிடம் கேட்கலாம் என்றேன். அவர் அந்த மாதம் முழுவதும் மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார். சரி, ஆத்துமாக்களின் நாளில் அந்தக் குடும்பம் எப்படியும் வரும், கையோடு பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். வழக்கமாக வெள்ளையடித்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடும் நீங்கள், அந்த முறை குடை, வெந்நீர்ப் போத்தல், பிளாஸ்டிக் கதிரை சகிதம் உங்கள் தோழியின் கல்லறைக்குப் பின்னால் உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் நான். சாயங்காலம் ஆக ஆகச் சனம் நிரம்பியது. மெழுகுதிரிகள் எரியத் தொடங்கின. டயஸ் மட்டும் இருட்டில் கிடந்தார்.

மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் கல்லறையில் செபம் சொல்லி முடித்தது. அந்த வீட்டுப் பெண் திரும்பும் வழியில் நின்று, டயஸின் நங்கூரத்தின் மேல் ஒரு மெழுகுதிரியைப் பொருத்திவைத்தாள். நீங்கள் கதிரையிலிருந்து எழுந்த வேகத்தில் போத்தல் உருண்டது.

"பிள்ளை, நில்லும்! இவர் உமக்கு என்ன முறை?"

அவள் பயந்துபோனாள். "எவருங்க?"

"இதுக்குள்ளை கிடக்கிறவர்."

"ஐயோ, தெரியாதுங்க மிஸ். ஒண்ணு மிச்சம் இருந்திச்சு. இங்க கொண்டாந்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. இது ஒண்ணுதான் இருட்டா கெடந்திச்சு."

பிறகு ஒருவர் வந்து மிஞ்சிய பூவைப் போட்டார். சிங்களம் பேசிய ஒரு தம்பதி பாதி எரிந்த திரியை வைத்தார்கள்; கேட்டதற்கு, இருட்டாக இருந்ததே என்றார்கள். ஒரு கன்னியாஸ்திரீ, ஒரு முச்சக்கரவண்டிக்காரர். எல்லோரிடமும் நீங்கள் முறை கேட்டீர்கள். எல்லோரிடமும் ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது. பட்டியல் போட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி நாங்கள் தேடிய அந்தக் குடும்பம் எங்கள் கண் முன்னாலேயே வந்து, யாரென்று தெரியாமலே வெளிச்சம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான், வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த அல்போன்ஸ் வந்தார்.

"ஆ, மிஸ்! நல்லவேளை பார்த்தேன். வெளிநாட்டுலேருந்து இந்தக் கல்லறையை யாரு பாக்குறதுன்னு கேட்டிருந்தாங்க. குடும்பம் பாக்குதுன்னு எழுதிட்டேன்."

"அதைத்தான் நாங்களும் தேடுறம். எந்தக் குடும்பம்?"

"என்ன மிஸ் இப்படிக் கேக்குறீங்க? நீங்கதான்!"

நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. துணிவு வரவில்லை.

"நான் அவனுக்கு ஒரு முறையும் இல்லை" என்றீர்கள்.

"வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறது யாரு?"

"அது மிஞ்சின சுண்ணாம்பு!"

"சொந்தம் இல்லாத கல்லறைக்கு யாரு மிஸ் இத்தனை வருஷம் சுண்ணாம்பு மிஞ்ச வைப்பாங்க?" என்றார் அல்போன்ஸ். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "மிஸ், குடும்பம் இருக்குன்னுதான் இவரு இங்க இருக்காரு. இல்லைன்னு நீங்க சொன்னா நான் எடுக்கணும். சொல்லுங்க, இருக்கா, இல்லையா?"

நங்கூரத்தின் மேல் திரி ஒன்று சரிந்தது. நீங்கள் குனிந்து அதை நிமிர்த்தி வைத்தீர்கள். அல்போன்ஸ் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு திரும்பும்போது முச்சக்கரவண்டியில் சொன்னீர்கள்: "இருக்கிற சொந்தக்காரரிலை ஒருத்தரும் எனக்கு இந்தளவு சுகமா அமையேல்லை, தம்பி. ஏன் கலியாணம் செய்யேல்லை எண்டு இவன் ஒருநாளும் கேட்டதில்லை."

இனி நீங்கள் அறியாத பகுதி.

இந்த வருட மழையில் நீங்கள் போனீர்கள். கை நடுங்கியது கோபத்தினால் அல்ல என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். கனடாவிலிருந்து உங்கள் சகோதரரின் மகன் தொலைபேசியில் அழுதார், வரமுடியவில்லை, நீங்களே பாருங்கள் என்றார். நான் அல்போன்சிடம் போனேன். உங்கள் தோழிக்கு அருகில் வைக்கவேண்டும் என்றேன். அந்தக் கல்லறையில் தோழியின் அண்ணன் அண்மையில்தான் இடம் பிடித்தாராம், இனி அதை அவர் வீட்டாரே பார்ப்பார்களாம். புதிய இடம் கிடையவே கிடையாதாம். நான் கோபப்பட்டேன், ஒரு பத்திரிகையில் எழுதுகிறவன் என்றுகூடச் சொன்னேன். அது யாரையும் பயமுறுத்தவில்லை.

"ஏங்க கவலைப்படுறீங்க? மிஸ்ஸுக்குத்தான் குடும்பக் கல்லறை இருக்கே" என்றார் அல்போன்ஸ்.

ஆகவே தோண்டினார்கள். உங்கள் வழக்கப்படி, குடும்பத்தில் முன்பு அடங்கியவரின் எலும்புகளை எடுத்து வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதியவரை இறக்குகிறார்கள். அப்படித்தான் டயஸ் மேலே வந்தார். நாங்கள் கடல் கடந்தெல்லாம் எழுதித் தேடிய மனிதர் என் காலடியில் ஒரு சிறிய துணி மூட்டையாக இருந்தார். எந்த ஊர், எந்தக் கப்பல், நெஞ்சில் சளிதானா, தாய் இருந்தாளா என்று கேட்க எவ்வளவோ இருந்தது. எல்லா அலுவலகங்களையும் போலவே அவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஆர்வத்துக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

இப்போது அந்த நங்கூரத்தின் கீழ் உங்கள் பெயரும் இருக்கிறது. வருங்காலத்தில் எவனாவது ஒரு படித்த முட்டாள் வந்து அதைப் பார்த்து, மாலுமியின் மகள் தாதியாக இருந்திருக்கிறாள் என்று எழுதுவான். அதைத் தடுக்க வேண்டும் என்று வெளிநாட்டு அலுவலகத்துக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினேன்: நீங்கள் உறவினர் அல்ல, சுண்ணாம்பு மிஞ்சியதால் ஏற்பட்ட தொடர்பு, நான் பக்கத்து வீட்டுக்காரன் மட்டுமே, தயவு செய்து திருத்திக்கொள்ளவும். போன வாரம் பதில் வந்தது. தகவலைக் குறித்துக்கொண்டார்களாம். என் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபமாம்.

திரும்ப எழுதத் தாளை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

அல்போன்சும் கேட்டார், இனி இதை யார் பார்ப்பது, விட்டுவிட்டால் பிறகு எடுக்க வேண்டி வரும் என்று. நான் பார்க்கிறேன் என்றேன். "நீங்க மிஸ்ஸுக்கு என்ன முறை?" என்றார். கோவில் காரியம், பொய் சொல்லக்கூடாது. "தம்பி" என்றேன். இத்தனை வருடமும் அப்படித்தானே கூப்பிட்டீர்கள்.

சுண்ணாம்பு இப்போது ஆறியிருக்கிறது. உப்புப் போட்டுவிட்டேன். நீங்கள் ஒரு சிட்டிகை நீலம் போடுவீர்கள். எவ்வளவு என்று ஒருநாளும் சொல்லவில்லை, கேட்டால் "கண்ணுக்குத் தெரியும்" என்பீர்கள். என் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கூடிவிட்டது. இந்த வருடம் நீங்கள் இருவரும் சற்று ஆகாய நிறத்தில் இருப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கவனமாகக் கலந்தும் அளவு கூடித்தான் போனது. இரண்டு பேருக்கு அடித்த பிறகும் வாளியில் மிஞ்சும். உங்கள் மறுபக்கத்தில் பாசி பிடித்த கல்லறை ஒன்று இருக்கிறது, யாரும் வருவதாகத் தெரியவில்லை. மிஞ்சியதை அதற்குப் பூசிவிடுவேன். ஆனால் அக்கா, அந்தக் கல்லில் இருக்கும் பெயரை மட்டும் நான் வாசிக்கமாட்டேன். வாசித்தால் தேட வேண்டி வரும்.